பள்ளிக்கூட விதிகளும் "ஏன்?" என்ற கேள்வியும்

(வீரபாண்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் 10-ம் வகுப்பு மாணவி ஒருவர் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூட விதிகளைப் பற்றி மாணவர்களுடைய அபிப்பிராயம் என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றீர்கள். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "விதி போடுவது வாத்தியார் வேலை, அதற்குக் கீழ்ப்படிவது பிள்ளைகள் வேலை, இதில் அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது?" என்று மனதிற்குள் நினைக்கலாம். பெரியவர்கள் பேசும்போது சின்னப் பிள்ளை வாயைத் திறந்தால் அது அதிகப்பிரசங்கித்தனம் என்றும், அதுவும் பெண் பிள்ளை வாயைத் திறந்தால் அது வளர்த்த விதம் சரியில்லை என்றும் சொல்லுவது நம்முடைய ஊர் வழக்கம். அப்படியிருந்தும் என்னை மேடையேற்றிய உங்களுக்கு நன்றி. நான் சொல்லுவதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

நான் பேசப்போகிற விஷயங்களெல்லாம் பார்வைக்கு அற்பமானவை. தலைமயிர் எவ்வளவு நீளம் இருக்கலாம், சடை ஒன்றா இரண்டா, 5 நிமிஷம் தாமதமாய் வந்தவனை என்ன செய்வது, கையில் கயிறு கட்டலாமா என்பவைதான். ஆனால் ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் சர்க்கார் பள்ளிக்கூடம்தான். "காரணம் கேட்காதே, சொன்னதைச் செய்" என்று அங்கே 10 வருஷம் பழக்கப்பட்டவன், பிறகு கம்பெனியில் முதலாளியையும், ஊரில் பெரிய மனிதரையும், ஓட்டுக் கேட்க வருகிறவரையும் காரணம் கேட்பானா? ஆகையினால் இவை அற்ப விஷயங்களல்ல என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

முதலாவதாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். விதிகளே கூடாதென்று சொல்ல நான் வரவில்லை. விதியில்லாத பள்ளிக்கூடத்தில் பலசாலிப் பையன் வைத்ததே விதியாகும். உதாரணமாக, ஒரே மாதிரிச் சீருடை போட வேண்டும் என்பது ஒரு விதி. சீருடை இல்லாவிட்டால், கம்பெனி வைத்திருப்பவர் வீட்டுப் பெண் ஒரு விதமாகவும், அந்தக் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர் வீட்டுப் பெண் வேறு விதமாகவும் வந்து உட்காருவார்கள். அந்த வித்தியாசத்தை மறைக்கிற விதியை நான் இரண்டு கையாலும் வரவேற்கின்றேன்.

அப்படியே, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் ஒரு விதி. சேரன்மாதேவி குருகுலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வ. வே. சு. அய்யர் நடத்திய அந்தக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதற்காக 1924-25-ல் இந்த நாடே இரண்டுபட்டது. அங்கே இருந்ததும் ஒரு பள்ளிக்கூட விதிதான்! அதற்கு முன்னமே 1920-ல் சென்னை நகரசபையின் தலைவராயிருந்த சர். பி. தியாகராயர், ஆயிரம்விளக்கில் ஒரு நகரசபைப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். 1956-ல் காமராஜர் அதை நாடெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம். ஜி. ஆர். சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சாப்பாடும் வந்தது. சோறு போட்டதோடு கூட, எல்லா ஜாதிப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்ததே பெரிய காரியம் என்று சொல்லுவேன்.

ஆனால் அந்தச் சண்டை முடிந்துவிட்டதா? 2018 ஜூலையில், நம்முடைய திருப்பூர் ஜில்லாவிலேயே, அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு சமையல்கார அம்மாள் சமைக்கக்கூடாதென்று ஊரார் சிலர் வந்து தடுத்தார்கள். அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாளை வேறிடத்திற்கு மாற்றினார்கள். பிறகு கண்டனம் கிளம்பி, மாற்றல் உத்தரவு ரத்தாகி, தடுத்தவர்கள் மேல் வழக்கும் பதிவாயிற்று. சர்க்கார் எழுதிய விதி ஒன்று, ஊரார் எழுதாமல் வைத்திருந்த விதி ஒன்று; இரண்டும் ஒரே சமையற்கட்டில் மோதிக்கொண்டன.

ஆகவே விதி என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது. விதி என்பதற்காகவே கெட்டதாகியும் விடாது. பின்னை எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தோன்றும் வழி, ஒவ்வொரு விதியையும் நிறுத்தி வைத்து மூன்று கேள்வி கேட்பதுதான். நீ ஏன் இருக்கின்றாய்? எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கின்றாயா? உன்னை மீறியவனுக்கு நீ கொடுக்கும் தண்டனை, அவன் செய்த குற்றத்தைவிடப் பெரியதாய் இருக்கின்றதா?

இந்த மூன்று கேள்வியையும் முதலில் தாமதமாய் வருவதைப் பற்றிய விதியினிடம் கேட்டுப் பார்ப்போம். மணியடித்து முதல் பாடம் ஆரம்பித்தவுடன் கேட்டை மூடிவிடுவதும், பிறகு வந்தவனை வீட்டுக்குத் திருப்பியனுப்புவதும் பல பள்ளிக்கூடங்களில் உண்டு. நேரம் தவறாமை நல்ல பழக்கம்தான். காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி இருக்கின்றதா? நம்முடைய வீரபாண்டியில் காலை 8½ மணிக்குச் சிப்டு என்றால், தகப்பனாரும் தாயாரும் 8 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். தண்ணீர் பிடித்து வைப்பதும், தம்பிக்குச் சோறூட்டி அவனை அவன் பள்ளியில் விட்டு வருவதும் யார் வேலை? மூத்த பெண்ணின் வேலை. காரில் வந்து இறங்குகிறவளுக்கும் இவளுக்கும் மணி ஒன்றுதான். ஆனால் காலை ஒன்றல்ல.

இனி தண்டனையைப் பாருங்கள். பாடத்தில் 10 நிமிஷத்தை இழந்தவளுக்குத் தண்டனை என்னவென்றால், அன்றைய பாடம் முழுவதையும் இழப்பது! வயிற்றுவலி என்று வந்தவனைப் பட்டினி போட்டுக் கொல்லுவது போன்ற வைத்தியம் இது. அப்படித் திரும்பிய பிள்ளை எங்கே போகும்? மற்ற ஊரில் வீட்டில் படுத்துத் தூங்கலாம். நம்மூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி இருக்கின்றது. கைமடிக்கவோ, பிசிர் வெட்டவோ, பீஸ் அடுக்கவோ ஒரு ஆள் எப்போதும் வேண்டியிருக்கின்றது. ஒரு நாள் போகிறான். கையில் காசைப் பார்க்கிறான். வீட்டுக் கடனுக்கு அது உதவுகிறது. மறு நாள் பள்ளிக்கூடக் கேட்டு அவனுக்கு இன்னும் கொஞ்சம் தூரமாய்த் தெரிகின்றது.

சட்டம் இல்லையா என்பீர்கள். 2009-ல் செய்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையில்தான் நம் கையைப் பிடித்திருக்கின்றது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக்கூடாதென்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் வைத்தது. அந்தச் சந்தில் பீஸ் மூட்டை வீட்டுக்குள் வந்து விழுகின்றது. 14 வயது ஆனவுடன், அபாயமில்லாத வேலைக்குப் போகலாம் என்று அதே சட்டம் கதவைத் திறந்துவிடுகின்றது. 9-ம் வகுப்பும் 10-ம் வகுப்பும் படிக்கின்ற வயது அதுதான். கல்விச் சட்டத்தின் கை விலகுகின்ற வயதும், கம்பெனிக் கதவு திறக்கின்ற வயதும் ஒன்றாயிருக்கும்போது, பள்ளிக்கூடத்தார் கேட்டை மூடலாமா என்பதுதான் என் கேள்வி.

1953-ல் ராஜாஜி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு 3 மணி நேரம் மாத்திரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதைக் குலக்கல்வி என்று கண்டித்து நாடெங்கும் கிளர்ச்சி நடந்தது. 1954-ல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராஜர் திட்டத்தை எடுத்தெறிந்தார். அவ்வளவு பாடுபட்டு ஒழித்த காரியத்தை, ஒரு வாட்ச்மேனும் ஒரு பூட்டுமாகச் சேர்ந்து தினந்தோறும் காலையில் செய்து முடிக்கலாமா? தாமதமாய் வந்தவனை உள்ளே விடுங்கள். காரணம் கேளுங்கள். விளையாட்டாய்த் தாமதித்தவனை, சாயந்திரம் 10 நிமிஷம் கூட உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலையால் தாமதித்தவள் வீட்டில் பேசுங்கள். பள்ளிக்கூடக் கேட்டு பிள்ளைகளை உள்ளே விடுவதற்காக வைத்தது என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, தலைமயிர் விஷயம். சுத்தமாயிருக்க வேண்டும், பேனும் ஈரும் இருக்கக்கூடாது என்றால் அதற்குக் காரணம் இருக்கின்றது. ஆனால் காதுக்கு மேல் எத்தனை விரற்கடை என்று அளந்து, அதற்காக ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதால் அவனுக்குக் கணக்கு அதிகமாய் வரப்போகிறதா? மயிரைக் கத்தரிப்பதற்காகப் படிப்பையே கத்தரிப்பது எந்த ஊர் நியாயம்? "இப்படி முடி வைத்தவர்கள் பொறுக்கிகள்" என்று சொல்லுகிறார்கள். பழைய படங்களைப் பார்த்தால் நம் பாட்டன்மார் குடுமி வைத்திருந்தார்கள். பிறகு கிராப்பு வைத்தவனைப் பார்த்து ஊரார் கேலி செய்தார்கள். இன்று கிராப்புத்தான் ஒழுக்கம் என்கிறார்கள்! ஒழுக்கம் மயிரில் இருந்தால், அம்பட்டர் கடையிலேயே அதைக் கற்றுக்கொண்டு வந்துவிடலாம், பள்ளிக்கூடமே தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்கு உள்ள விதிகளோ தலையோடு நிற்பதில்லை. சடை, ரிப்பன், துப்பட்டா, நடை, சிரிப்பு வரைக்கும் விதி இருக்கின்றது. காரணம் கேட்டால், "பையன்கள் மனம் கெடும்" என்கிறார்கள். பையன் மனம் கெட்டால் அதற்கு வைத்தியம் பையனுக்குச் செய்ய வேண்டுமா, என் தோளில் போட வேண்டுமா? 2018-ல் கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா வளயன்சிறங்கரையில், ஒரு சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடத்தார், ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரி முக்கால் நிக்கரும் சட்டையும் என்று ஏற்பாடு செய்தார்கள். பெண் குழந்தைகளுக்கு ஓடவும் குதிக்கவும் சவுகரியமாயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் நமக்கு அடுத்த கோவை ஜில்லாவில், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், 8-ம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காக, வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதும்படியாயிற்று. விஷயம் வெளியில் வந்து, தலைமையாசிரியை தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். "தீட்டு" என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனாலும் எழுதின விதிகளையெல்லாம்விட அது பலமாக நின்றது. கருப்பைக்குள் மாதாமாதம் உண்டாகும் ஒரு மெல்லிய சவ்வு, கரு தங்காதபோது இரத்தத்தோடு வெளியேறுகின்றது என்று அறிவியல் புத்தகத்தில் பாடம் இருக்கின்றது. அதைப் படித்துப் பரீட்சையில் மார்க்கு வாங்கச் சொல்லுகிறவர்களே, அதே பெண்ணை வாசலில் உட்கார வைத்தால் அந்தப் பாடத்தை நடத்துவது எதற்கு? தாய்மார்களே! இந்த விதியைப் பள்ளிக்கூடம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் அங்கே போயிற்று. ஆகையால் முதலில் அதை எடுக்க வேண்டிய இடமும் வீட்டுத் திண்ணைதான்.

மூன்றாவது, அடி. "கண்ணை மாத்திரம் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் வாத்தியாரே" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது நம் பெற்றோர்களுக்குப் பெருமை. அடியாத மாடு படியாது என்றும் பழமொழி சொல்லுகிறார்கள். மாட்டுக்குக் காரணம் சொல்லி விளங்க வைக்க முடியாது, அதனால் அடிக்கிறார்கள்; எங்களுக்குமா முடியாது? தமிழ்நாட்டில் 2003-லேயே பள்ளி விதிகளிலிருந்து பிரம்படி எடுக்கப்பட்டது. 2009-ம் வருஷச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடம்பை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கின்றது. அப்படியிருந்தும் பிரம்பு போன இடத்தில் வாய் வந்திருக்கின்றது. "நீ பனியன் கம்பெனிக்குத்தான் லாயக்கு" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் சொல்லுவது எத்தனை பிரம்படிக்குச் சமம் தெரியுமா? அந்தக் கம்பெனி வேலையில்தான் அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் மானமாய்ப் பிழைக்கிறார்கள். ஒரே வார்த்தையில் மூன்று பேரை அடித்தாயிற்று.

நிற்க, நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "எல்லா விதியையும் கேள்வி கேட்கும் நீ, கையில் கயிறு கட்டக்கூடாது என்ற விதியை என்ன சொல்லுகிறாய்? அதுவும் மாணவர் சுதந்திரம்தானே?" என்பீர்கள். நியாயமான கேள்விதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், 12-ம் வகுப்புப் படித்த ஒரு பட்டியலினத்து மாணவனையும், காப்பாற்ற வந்த அவன் தங்கையையும், கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைச் சர்க்கார் நியமித்தது. அவர் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளும் அடையாளங்களும் பள்ளியில் கூடாதென்றும், பள்ளிக்கூடங்களின் பெயரிலிருந்து ஜாதிப் பெயரை எடுக்க வேண்டுமென்றும் சொன்னார். அதற்கு முன் 2019-ல் கல்வி இலாகாவே கயிறுகளைக் கவனிக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எதிர்ப்பு வந்தவுடன் அமைச்சர் பின்வாங்கிக்கொண்டார்.

இதோடு இன்னொரு கயிற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1965-ல் அமெரிக்காவில் டெமாயின் என்ற ஊரில், மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண்ணும் வேறு சில பிள்ளைகளும், வியட்நாம் யுத்தத்தில் செத்தவர்களுக்கு வருந்திக் கையில் கறுப்புத் துணி கட்டிப் பள்ளிக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தார் வெளியே அனுப்பினார்கள். 1969-ல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, பள்ளி வாசலில் நுழைந்ததால் பிள்ளைகள் தங்கள் கருத்துரிமையை இழந்துவிடுவதில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் நாட்டிலும் 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாய் எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிற்று. அந்த மதத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் ஒருவரையும் உபத்திரவிக்காமல் நிற்கின்ற ஒரு பிள்ளையைப் படிப்பை விட்டுத் துரத்தக்கூடாதென்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

அங்கேயும் துணி, இங்கேயும் கயிறு. என்ன வித்தியாசம்? காரணத்தைக் கேட்டால் விளங்கிவிடும். கறுப்புத் துணி, "சாகின்றவர்களுக்காக வருந்துகின்றேன்" என்றது. ஜாதிக் கயிறு, "நான் இன்ன ஜாதி, நீ என் பக்கத்தில் உட்காராதே" என்கின்றது. முன்னது அதிகாரத்தைப் பார்த்துப் பேசுகின்றது; பின்னது பக்கத்து பெஞ்சியில் இருப்பவனை மிரட்டுகின்றது. ஆகையால் ஜாதிக் கயிற்றைத் தடுக்கும் விதியை நான் ஆதரிக்கின்றேன். ஆனால் அதிலும் ஒரு வார்த்தை. கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "பேசாமல் உட்கார்" என்றால் போதாது. நாளைக்கு வேறு நிறத்தில் வரும். ஏன் கூடாதென்று வகுப்பில் உட்கார்ந்து பேசினால்தான், கயிறு கையிலிருந்து போனது போல் மனதிலிருந்தும் போகும்.

பேசாமல் உட்கார் என்பதன் கெடுதலுக்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றேன். 2024-ல் சென்னை அசோக்நகர்ச் சர்க்கார் பெண்கள் பள்ளிக்கு, நம் திருப்பூரில் இருப்பிடம் வைத்திருந்த ஓர் ஆன்மிகப் பேச்சாளரை அழைத்திருந்தார்கள். உடற்குறையும் ஏழ்மையும் போன ஜன்மத்துப் பாவத்தின் பலன் என்று அவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, பேச்சாளரை மறிக்கக்கூடாதென்பது விதி. பார்வையற்ற ஓர் ஆசிரியர் மாத்திரம் எழுந்து, இதைப் பள்ளியில் எப்படிப் பேசலாம் என்று கேட்டார். அந்த ஒரு "ஏன்" நாடெங்கும் கேட்டது, பேச்சாளர் கைதானார். அன்று எல்லோரும் மரியாதை என்று வாய்மூடியிருந்தால், பார்வையற்றவர் தன் பாவத்தால் பார்வையற்றவர் என்பதை அந்தப் பிள்ளைகள் பாடமாகவே வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுதுங்கள். வகுப்பில் செல்போன் கூடாதென்றால், பாடத்தில் கவனம் சிதறும் என்று எழுதுங்கள், நாங்கள் ஒப்புக்கொள்ளுகின்றோம். காரணம் எழுத வராத விதி எதுவோ, அதை அழித்துவிடுங்கள். புது விதி போடுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அந்தக் குழந்தையின் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டுமென்று 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை செய்தது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டுமென்றும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டுமென்றும் சொல்லுகின்றது. இங்கே கூடியிருப்பவர்களில் அந்தக் கூட்டத்திற்குப் போனவர்கள் எத்தனை பேர்? அரை நாள் சம்பளம் போய்விடுமே என்று போகாமலிருந்தால், நம் பிள்ளைகளுக்கு விதி போடுகிறவர்கள் வேறு யாரோவாகத்தான் இருப்பார்கள். சிப்டு முடிந்தபின் கூட்டத்தை வைக்கும்படி கேளுங்கள்.

என்னோடு படிக்கும் தோழர்களே! நமக்கும் இதில் கடமையுண்டு. காரணம் கேட்கின்றவன், தன்னைக் காரணம் கேட்கும்போதும் பதில் சொல்லத் தயாராயிருக்க வேண்டும். வீட்டுக் கணக்கை ஏன் போடவில்லை, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பீகார்ப் பையனுக்குத் தமிழ் வரவில்லை என்று ஏன் சிரித்தாய் என்று கேட்டால், நம்மிடமும் யோக்கியமான பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

பிள்ளைகள் கேட்கும் "ஏன்" என்ற கேள்வியை வீட்டிலும் பள்ளியிலும் அடக்கிவிடாமல் பதில் சொல்லிப் பழகுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகின்றேன்.